உன் பிக்கப்பின் இரண்டாவது கியர்பாக்ஸ்

இன்று காலை வண்டிக்கு கியர் ஆயில் பார்த்தேன். என்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கி, கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி செருகி எடுத்தேன். ஆயில் நல்ல சிவப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். கருகல் இல்லை. அந்த லேசான தித்திப்பு வாடைதான். உன் கைப்பையிலும் புடவைத் தலைப்பிலும், சில நாள் நீ பிசைந்து வைத்த சப்பாத்தி மாவிலும்கூட அது வரும். சாப்பிடும்போது நான் முகத்தைச் சுளித்தால், "ஆயில் ஒடம்புக்கு நல்லது, சாப்பிடுங்க" என்பாய். துணியை மடிக்கும்போது சட்டையில் கறை பட்டுவிட்டது. அதைக் கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. நம் பேச்செல்லாம் வண்டிக்குள் பேசியதுதான்; எழுத்தில் நமக்குள் ஒன்றுமே இருந்ததில்லை. இன்று அந்த வாடை வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பிரியாவிடம் சொன்னால், "அப்பா, தமிழ்ல எழுதினா நான் எப்படிப் படிப்பேன்?" என்பாள். உனக்குத்தானே எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பம்பாயில் கோட்டைப் பக்கம் என் ஆபீஸ் வாசலில்தான் உன்னை முதலில் பார்த்தேன். எங்கள் மாடிகளுக்கு வாடகைச் செடி கொண்டுவரும் ஆள் மாறியிருப்பதாகச் சொன்னார்கள். எட்டிப் பார்த்தால், ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பழைய அமெரிக்கப் பிக்கப். பச்சை வெளுத்து வாழைத்தண்டு நிறத்துக்கு வந்திருந்தது. பின்னால் நிறையப் பனைத் தொட்டிகள். டிரைவர் கதவு திறந்து முதலில் ஒரு கால் வந்தது. பிறகு நீ இரண்டு கைகளாலும் பிடித்து வெளியே எடுத்து வைத்த இன்னொரு கால். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இளைத்துப்போன இடது கால் அது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புப் பட்டை போட்ட காலிப்பர் மாட்டியிருந்தாய். அதைப் பூட்டினால்தான் உன்னால் நிற்க முடியும். பூட்டிவிட்டால் முழங்கால் மடங்காது. நான் உதவிக்கு ஓடி வந்தேன். "செடியப் பிடிங்க சார், என்னைய இல்ல" என்றாய்.

அந்த வண்டி உனக்கு வந்த கதையைப் பிறகு நீ சொல்லித்தான் தெரியும். உன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் டிரைவராக இருந்தவர். கம்பெனிக்காரர்கள் மூடிவிட்டுத் தங்கள் நாட்டுக்குக் கிளம்பியபோது ஓரமாகக் கிடந்த இந்தப் பிக்கப்பைக் கேட்டு வாங்கிவிட்டார். இங்கே எந்த வண்டிக்கும் கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். இதற்கு வேண்டாம்; ஆட்டோமேட்டிக். "எம் பொண்ணுக்குன்னே கப்பல்ல வந்து இறங்கியிருக்கு" என்று தெருவெல்லாம் சொன்னாராம். அதை வைத்துத்தான் செம்பூரில் ரயில் சுவர் ஓரமாக நீ நர்சரி போட்டாய். மாட்டுங்கா கல்யாண மண்டபங்களுக்குக் குரோட்டன்ஸ், ஆபீஸ்களுக்குப் பனை, ஆஸ்பத்திரிகளுக்கு மணிபிளான்ட் என்று ஓடிக்கொண்டிருந்தாய்.

நம் கல்யாணத்தன்றும் நீதான் ஓட்டினாய். எனக்கு சைக்கிள்கூட விடத் தெரியாது. மாலையும் கழுத்துமாக நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரை சிக்னலுக்கு சிக்னல் ஜனங்கள் குனிந்து பார்த்தார்கள். என் மாமா ஒருவர் அதைப் பற்றி ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார். நீ காதில் வாங்கவில்லை. அன்று முழுக்க எதிரே வந்த பஸ்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தக் கியர்பாக்ஸ் உன் அப்பாவையும் தாண்டி ஓடியது. அதில் இரண்டே கியர்தான். பிரியா பிறந்து, படித்து, வேலைக்குப் போய், கோபர்கைரனேயில் தனி வீடு எடுக்கும்வரை ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், தொட்டிகள் நிறைந்த வண்டியோடு சயான் சர்க்கிளில் நின்றுவிட்டது. என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. டிராஃபிக் ஹவல்தார் வந்து கதவைத் தட்டி, ஓரம் கட்டச் சொன்னார்.

"மேடம், காடி சைட் மே லோ!"

"ஆகே நஹி ஜாதி, சாப்" என்றாய் நீ, முன்னால் போகவில்லை என்று. கியர் கம்பியை இழுத்துப் பார்த்தாய். வண்டி பின்பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. உன் முகம் மாறியது. "பீச்சே ஜாதி ஹை." பின்னால் போகிறதாம்.

ஹவல்தார் சிரித்துவிட்டார். நீ என்னைப் பார்த்தாய். "இறங்குங்க. பின்னால நின்னு கையக் காட்டுங்க. மைதீன் பாய் கடை வரைக்கும் ரிவர்ஸ்லயே போயிருவோம்."

"தாராவி வரைக்குமா?"

"ஏன், பின்னால போனா ரோடு தீந்துருமா?"

ஆபீஸ் சட்டையோடு நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். பனையோலைகள் உன் பார்வையை மறைத்ததால், வண்டியின் பக்கத்துத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி வழி சொன்னேன். ஒரு தட்டு என்றால் வரலாம், இரண்டு என்றால் நில். "ஆனே தோ, ஆனே தோ", வரட்டும் வரட்டும் என்று கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது. கடை வாசலில் மைதீன் பாய் டீ கிளாஸோடு நின்றிருந்தார். கடையநல்லூர்க்காரர், உன் அப்பா காலத்திலிருந்து இந்த வண்டிக்கு மெக்கானிக். "என்னம்மா, எல்லாரும் மூஞ்சியக் காட்டிட்டு வருவாவ, நீ முதுகக் காட்டிட்டு வாரியே?" என்றார். நீ ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாய். சிரித்து முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை.

அவர் கழற்றிப் பார்த்தார். ஆயில் கறுத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தது. விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். உலோகத் துகள் மின்னியது. "உள்ள எல்லாம் கரிஞ்சு போச்சும்மா. இதுக்குச் சாமான் இந்தியாவுல எங்கயும் கெடைக்காது. ரிவர்ஸ் மட்டும் எப்படி இருக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

பிரியா உடனே வழி சொன்னாள். இப்போது பேட்டரி டெம்போ வந்துவிட்டது, அதில் கிளட்சே கிடையாது. நாம் மூவரும் பார்க்கப் போனோம். உனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வழியெல்லாம் அதன் பின்பக்கத்தில் எத்தனை தொட்டி வைக்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தாய். ஏறும்போதுதான் தெரிந்தது. அந்தச் சின்ன கேபினில், முன் சக்கரத்துக்கு மேல் இருந்த மேடு உன் காலிப்பர் காலுக்கு இடம் விடவில்லை. பக்கவாட்டில் ஏறிப் பார்த்தாய். பட்டையின் பூட்டைத் திறந்து பார்த்தாய். கால் சரிந்து பெடலில் போய் மாட்டியது. விற்பனைக்காரப் பையன் நல்ல பிள்ளை. "மேடம், காலைக் கொஞ்சம் மடக்குங்க" என்று ஹிந்தியில் சொன்னான்.

"அது நான் சொன்ன இடத்துல மடங்கி நிக்கும்னா, நான் எதுக்குப்பா இந்த வண்டியத் தேடி வாரேன்?" என்று அவனுக்குப் புரியாத தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

திரும்பும்போது ஆட்டோவில் பிரியா அழுதாள். "ஸாரிம்மா" என்றாள். நீ அவள் தலையைத் தடவினாய். "நல்ல வண்டிதாண்டி. எங்கால் அளவுக்குத் தைக்கல, அவ்ளோதான்."

அதற்குப் பிந்திய வாரங்கள் எனக்கு மறக்கவில்லை. வாடகை டெம்போவில் செடிகள் போயின. நீ கேட்டருகில் நின்று அனுப்பிவிட்டு வந்து, ஏற்கனவே துடைத்த இலைகளையே துடைத்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் டெம்போக்காரன் மண்டபத்தில் செடிகளை மாற்றி இறக்கிவிட்டான். போனிலேயே கத்தித் தீர்த்தாய். பிறகு என்னிடம், "அங்க நின்னு ஒரு தொட்டியத் திருப்பி வைக்கக்கூட எனக்கு முடியலியே" என்றாய். உன் கால் முடியாததைப் பற்றி நீ குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அன்றுதான் முதல் தடவை.

மைதீன் பாய் போன் செய்தது அதற்கப்புறம். குர்லா பழைய இரும்புக் கிடங்கு ஒன்றுக்கு, சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த நீளமான வெளிநாட்டுக் கார் வந்திருந்தது. பாடியெல்லாம் துரு, கியர்பாக்ஸ் மட்டும் நன்றாக இருந்தது. அதுவும் ஆட்டோமேட்டிக்தான். நாம் நேரில் போய்ப் பார்த்தோம்.

"அதே கம்பெனி. போல்ட் ஓட்டை ஒத்துப்போகும்னு நெனைக்கேன்" என்றார் பாய். "ஆனா ஒங்கது ரெண்டு கியர், இது நாலு. ஆளும் நீளம். ஒண்ணக் கழத்திட்டு வேற மாடல் ஆட்டோமேட்டிக்க வைக்கிற வேலைய நான் செஞ்சதில்லம்மா. இது கெட்டா இன்னொண்ணு கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு பாய். எப்ப கடைக்குக் கொண்டு வாரீங்க?"

அந்த வேலையில் எனக்கு ஒன்றும் தெரியாது; டார்ச் பிடித்தேன், டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தேன். பிரியா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, போனில் அமெரிக்கத் தாடிக்காரர் ஒருவர் இதே போன்ற வேலை செய்யும் வீடியோவை ஓடவிட்டு, பாயின் ஆள் சலீமுக்கு ஹிந்தியிலும் பாய்க்குத் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். புதியது ஒரு சாண் கூடுதல் நீளம் என்பதால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளிப் பொருத்தினார்கள். பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டை லேத்தில் கொடுத்து வெட்டிக் குறைத்தார்கள். கடைக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டும் எங்கே போகிறது என்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே பூசணிக்காய் போல ஒரு உருண்டை இருக்கிறதே, கன்வர்ட்டர், அதுதான் நம்மைப் பயமுறுத்தியது. என்ஜினின் சுற்றல் ஆயில் வழியாக அதைத் தாண்டித்தான் கியருக்குப் போகிறது. கியர்பாக்ஸை ஜாக்கி வைத்துத் தூக்கினால், என்ஜினோடு ஒட்டாமல் ஒரு விரல் அகலம் இடைவெளி நின்றது. சலீம் ஸ்பானரை எடுத்துப் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கப் போனான்.

"ருகோ! ருகோ பையா!" நிறுத்தச் சொல்லிப் பிரியா கத்தினாள். "இழுக்கக் கூடாதாம் பாய். கையால தள்ளினாலே ஒட்டணுமாம். இல்லேன்னா கன்வர்ட்டர் உள்ள சரியா உக்காரலேன்னு அர்த்தமாம். இழுத்தா உள்ள பம்ப் உடைஞ்சிடுமாம்."

பாய் உன்னைப் பார்த்தார். "எறக்கிருங்க பாய்" என்றாய். இறக்கி, இரண்டு கைகளாலும் உருண்டையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே உள்ளே அழுத்தினார். 'டக்' என்றது. இன்னும் சுற்றினார். மறுபடி ஒரு 'டக்'. நம் கண் முன்னாலேயே அது உள்ளே இறங்கியது. தூக்கிப் பொருத்தியதும் என்ஜினோடு போய் ஒட்டிக்கொண்டது. பாய் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தார். "தாடிக்காரன் நம்ம ஆளுதான்" என்றார்.

கடைசியாக ஒரு ஒயர் இருந்தது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதுதான். அது தவறினால் கொஞ்ச தூரத்திலேயே புதியதும் கருகிவிடும் என்றார் பாய். நீ சீட்டில் ஏறி உட்கார்ந்தாய். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "முழுசா மிதிங்கம்மா… விடுங்க… மறுபடி மெல்ல" என்று சொல்லச் சொல்ல, நீ உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாய். ஸ்டியரிங் பக்கத்துக் கியர் முள் பழைய இரண்டு கியருக்கு அளவானது. இப்போது எதையும் சரியாகக் காட்டவில்லை. பிரியாவின் நகப்பூச்சை வாங்கி நீயே புதுப் புள்ளிகள் வைத்தாய்.

தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் முதல் ஓட்டம். நான் பக்கத்தில். வண்டி முன்னால் போனது. ரோடு கொஞ்சம் விட்டதும் நீ கத்தினாய். "ஏங்க, மூணாவது விழுந்துச்சு! கேட்டுச்சா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றேன். உன் கன்னம் நனைந்திருந்தது.

வண்டி பழையபடி ஓடினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உன் மனதில் வேறு இருந்தது. இரண்டு கியர் வண்டி சுமையோடு மலை ஏறாது. கீழ்க் கியரில் அலறும், மேல் கியரில் மூச்சு நிற்கும். அதனால் தளேகாவ் பக்கத்துத் தோட்டங்களின் ரோஜாச் செடிகள் யாரோ ஒருவர் லாரியில்தான் உனக்கு வந்துசேரும். யாரோ பொறுக்கி எடுத்த மிச்சம். "நானே போயி, நானே நின்னு எடுக்கணும்" என்றாய்.

பன்வேல், கோப்போலி தாண்டிக் கண்டாலா மலைப்பாதை ஏறினோம். முதல் வளைவுகளில் வண்டி தானாகக் கியரை இறக்கிக்கொண்டு ஏறியது. நீ பாட்டு முணுமுணுத்தாய். பாதி ஏறியதும் வாடை வந்தது. அடியிலிருந்து வெள்ளைப் புகை. உன் முணுமுணுப்பு நின்றது. அகலமான ஒரு வளைவில் ஓரம் கட்டினாய். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். புதியதும் போய்விட்டது என்றே நினைத்தேன். உன்னைப் பார்க்கப் பயந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூடு ஆறட்டும். அப்பறம் கீழ போயி எங்க சொட்டுதுன்னு பாருங்க" என்றாய். "என்னால குனியத்தான் முடியும். படுக்க முடியாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டிக்கு அடியில் படுத்தேன். நீ ஒரு கையால் கதவைப் பிடித்துக் குனிந்து, போன் வெளிச்சத்தைக் காட்டினாய். சிவப்பாகச் சொட்டியது. ஆயிலைக் குளிர வைக்கப் பாய் புதிதாகப் போட்ட ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, சைலன்சர் மேல் வழிந்திருந்தது.

"கரிஞ்ச வாடையா, வெறும் ஆயில் வாடையா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"விரல்ல தொட்டுக் காட்டுங்க."

கையை வெளியே நீட்டினேன். நீ என் விரலைப் பிடித்து முகர்ந்து பார்த்தாய். அத்தனை லாரிகள் போகும் மலைப்பாதையில், என் கையை விடாமல் சற்று நேரம் அப்படியே நின்றாய். "ஒண்ணும் ஆகல. வெளியதான் தீஞ்சிருக்கு. கிளிப்ப முறுக்குங்க. வலப் பக்கமா. இன்னும். ஆபீஸ்ல பேனா பிடிச்ச கைதான, கொஞ்சம் பலமா."

முறுக்கினேன். வண்டியில் வைத்திருந்த ஆயிலை ஊற்றினோம். மலை ஏறினோம். தளேகாவில் தோட்டக்காரப் பெண் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "காடி துமச்சீச் கா?" என்று கேட்டாள். நீ நிமிர்ந்து நின்று, "மாஜீச்" என்றாய். உன்னுடையதுதானா என்று அவள் கேட்டதற்கு, என்னுடையதேதான் என்று. அந்த ஒரு மராத்திச் சொல்லை அவ்வளவு அழுத்தி நீ சொல்லிக் கேட்டதில்லை. அன்று எடுத்த செடிகளில் ஒரு ரோஜா கேட் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. போன வாரம்கூடப் பூச்சி மருந்து அடித்தேன்.

பிறகு பல தடவை அந்த மலை ஏறினாய். நோய் வந்தது அதற்குப் பிறகுதான் என்பது எனக்கு ஒரு ஆறுதல். வயிற்று வலி என்று ஆரம்பித்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மெதுவாகப் பேசினார். சிகிச்சை தொடங்கியதும் உனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெம்பில்லை. ஒரு நாள், "வண்டி நிக்கக் கூடாது. நீங்க கத்துக்கிடுங்க" என்றாய்.

"அறுபது தாண்டினவனுக்கு யார் லைசென்ஸ் குடுப்பா?"

"எனக்கு ஒத்தக் காலுக்குக் குடுத்தான். ஒங்களுக்கு ரெண்டு இருக்குல்லா."

நர்சரிக்குப் பின்னால் உள்ள சந்தில் காலை வேளைகளில் ஆரம்பித்தோம். இரண்டு பெடல், இரண்டு கால். ஆளுக்கொன்று என்று என் கால்கள் தாமாகவே பங்கு பிரித்துக்கொண்டன. ஆக்ஸிலேட்டரை வலது கால் தொட்டதுமே இடது கால் பிரேக்கில் பாயும். நாம் இருவரும் கண்ணாடியில் முட்டிக்கொள்வோம். நாலைந்து தடவை பொறுத்தாய்.

"ஒங்க இடது கால மறந்துருங்க" என்றாய். "நான் அப்படித்தான் இத்தன வருசமா ஓட்டுதேன்."

நீதான் முதலில் சிரித்தாய். அன்றிலிருந்து என் இடது கால் சும்மா இருக்கிறது.

பரேலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கடைசியாகக் கூட்டிப்போனதும் அந்த வண்டியில்தான். லைசென்ஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டாக்ஸி பிடிக்கலாம் என்று பிரியா சொன்னாள். காலை நீட்ட இது ஒன்றில்தான் இடம் என்றாய். நடுவில் தலையணையை அணைத்துக்கொண்டு நீ, அந்தப் பக்கம் பிரியா. செம்பூர் தாண்டும்வரை, "லேன் மாத்தாதீய", "பஸ்காரன் வாரான்", "ஹார்ன் எதுக்கு, அவனுக்கென்ன காது கேக்காதா" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். சயான் நெருங்கும்போது சத்தத்தைக் காணோம். பயந்து திரும்பினேன்.

"அம்மா தூங்கிட்டாப்பா" என்றாள் பிரியா, கிசுகிசுப்பாக.

யார் ஓட்டினாலும் நீ தூங்க மாட்டாய். பஸ்ஸில், டாக்ஸியில், உன் அப்பா ஓட்டும்போதுகூட வலது காலால் தரையை மிதித்துக்கொண்டு விழித்தே இருப்பாயாம். அன்று வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, என் தோளில் சாய்ந்து தூங்கினாய். பள்ளம் பார்த்துப் பார்த்துப் போனேன். தாதர் வரை பின்னால் ஹார்ன் அடித்தவன் எல்லாம் அடித்துவிட்டுப் போனான். ஆஸ்பத்திரி கேட்டில் நிறுத்தியும் என்ஜினை அணைக்க மனம் வரவில்லை. வாட்ச்மேன் பானெட்டைத் தட்டக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். உன்னை எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

விழித்ததும், "வந்தாச்சா? நான் தூங்கல, சும்மா கண்ண மூடிட்டு வந்தேன்" என்றாய். திரும்பி வீட்டுக்கு நீ வரவில்லை.

நர்சரி நடக்கிறது. மாட்டுங்காவுக்கும் கோட்டைக்கும் நான்தான் செடி கொண்டுபோகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரியா ஓட்டுகிறாள், உன்னைப் போலவே பஸ்காரர்களைத் திட்டிக்கொண்டு. மலைப்பாதைக்கு இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் வண்டியை மைதீன் பாயிடம் விட்டிருந்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார்.

"என்ன சார், பிரேக் தேயவே இல்ல? பம்பாய் ரோட்டுல எப்படித்தான் ஓட்டுதீங்க?"

"பக்கத்துல தூங்குறா பாய்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவர் திறந்திருந்த கதவு வழியாக சீட்டைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஸ்பானரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார்.